ரீஸ்டார்ட் பண்ணாமல் ஜீப் ஏறினேன்

ஒரு லேப்டாப்பைச் சரி செய்து முடித்தாயிற்று என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

ரொம்ப யோசிக்காதீர்கள், உங்கள் பதில் எனக்குத் தெரியும். ஸ்கிரீனில் எல்லாம் ஒழுங்காக வருகிறது, மெஷின்காரர் சிரித்துவிட்டார், நாம் பையை மூடிவிட்டோம். அவ்வளவுதானே? நானும் இந்த வேலைக்கு வந்து ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டு திரிந்தேன். சுத்தத் தப்பு. எவ்வளவு பெரிய தப்பு என்று சின்னக்கானலில் இருந்து ஒரு ஃபோன் வந்துதான் எனக்குப் புரிந்தது.

திங்கட்கிழமை முதல் என் நாற்காலியில் உட்காரப்போகிற உங்கள் மூன்று பேருக்காகத்தான் இதை அடிக்கிறேன். எனக்கு வயது இருபத்தாறு. பாலக்காடு பக்கத்துச் சித்தூரில் இந்தக் கம்ப்யூட்டர் கடையில் நான்கு வருஷம் ஓட்டிவிட்டேன், சனிக்கிழமையோடு கிளம்புகிறேன். "ரிட்டயர்மென்ட் பிரசங்கமா சுகு?" என்று பின்னால் நின்று நக்கலடிக்கிறார் நிஷாத் அண்ணன். ஆமாம், அதேதான். கடையில் பாதி அவருடையது, சத்தத்தில் முக்கால்வாசி அவருடையது. போகப்போகப் பழகிவிடும்.

கமாண்டுகளை இங்கே எழுதப்போவதில்லை. அதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது, இல்லாவிட்டால் தேடினால் கிடைக்கும். லினக்ஸ் போட்ட மெஷினில் ஒரு மொழியின் கீபோர்டைச் சேர்ப்பது நான்கு கிளிக் வேலை. தமிழோ மலையாளமோ ஜெர்மனோ, எல்லாம் அதே நான்கு கிளிக்தான். இது அந்த நான்கு கிளிக்கைப் பற்றிய கதை இல்லை. ஐந்தாவதாக நான் செய்யாமல் விட்டதைப் பற்றியது.

அதற்கு முன்னால் அகளி கதையைச் சொல்லிவிடுகிறேன். நம் தொழிலில் எல்லோரையும் பிடித்து ஆட்டுகிற வியாதி என்னவென்று அதில் தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அகளியில் ஒரு டியூஷன் சென்டர். டீச்சர் தன் லேப்டாப்பில் என்ன அடித்தாலும் எழுத்து வராமல் மெனு திறக்கிறது, ஜன்னல்கள் தானாக மூடிக்கொள்கின்றன. கீபோர்டு செட்டிங் கோளாறு என்று எங்களைக் கூப்பிட்டார். நிஷாத் அண்ணன் இரண்டு நிமிஷம் பார்த்தார். "ஃபார்மேட் அடிச்சா மதி" என்றார், போதும் என்பதை அவர் மலையாளத்தில்தான் சொல்வார். அடித்தார். இருபது நிமிஷத்தில் எல்லாம் புதுசு. பெருமையாகத் திருப்பிக் கொடுத்தார். டீச்சர் உட்கார்ந்து தன் பெயரை அடித்தார். மெனு திறந்தது.

நான் லேப்டாப்பைத் தலைகீழாகப் பிடித்துப் பின்னால் இரண்டு தட்டுத் தட்டினேன். ஒரு மிக்சர் துண்டு விழுந்தது. ஆல்ட் கீக்கு அடியில் மாட்டியிருந்திருக்கிறது. அதன்பிறகு எல்லாம் சரியாகிவிட்டது.

டீச்சர் அந்தத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "ஏனுங்க, இந்த மிக்சருக்கா என்ற மூணு வருசத்துக் கேள்வித்தாளு அத்தனையும் அழிச்சுப்போட்டீங்க?"

அகளியில் இருந்து திரும்பி வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. நிஷாத் அண்ணன் பேசாமல் வந்த ஒரே பயணம் அதுதான்.

ஆக, ஃபார்மேட் வியாதி. என்ன கோளாறு என்று தெரியாதபோது எல்லாவற்றையும் அழித்துவிட்டால் கோளாறும் சேர்ந்து அழிந்துவிடும் என்கிற நம்பிக்கை. கைவசம் வைத்துக்கொள்ளுங்கள், இனி வருவதற்கு இது தேவைப்படும்.

மூணாறு பக்கத்தில் சின்னக்கானலில் ஒரு தேயிலை எஸ்டேட். அங்கே கத்தோலிக்கக் கோயிலை ஒட்டி ஒரு ஹால் இருக்கிறது. சாயங்காலம் பிள்ளைகள் படிப்பதற்காகப் பத்து பழைய கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தார்கள். அவற்றில் லினக்ஸ் ஏற்றித் தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்றும் அடிக்கிற மாதிரி செய்துகொடுக்க நான் போனேன். இரண்டு நாள் வேலை. கோயில் உபதேசியார்தான் ஹாலுக்கும் பொறுப்பு. ரொம்ப நல்ல மனுஷர். எந்தக் கோளாறுக்கும் ஒரே மருந்துதான் அவரிடம் உண்டு, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு பெண் லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். ரோஸ்லின், எஸ்டேட் ஆஸ்பத்திரியில் தற்காலிக நர்ஸ். திருப்பூரில் வேலை பார்க்கிற அண்ணன் கொடுத்த பழைய லேப்டாப் அது. ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் போக ஆன்லைனில் மொழி படித்துக்கொண்டிருந்தாள். மெஷின் ஆமை வேகத்தில் ஓடுகிறது, இதற்கும் லினக்ஸ் போட்டுத் தர முடியுமா, ஜெர்மன் எழுத்தெல்லாம் அடிக்க வருமா என்று கேட்டாள்.

"அதுக்கென்னங்க, குடுங்க" என்றேன்.

"என்னக்கா, என்னையப் போயி 'ங்க' போட்டுப் பேசுதீங்க."

"எங்க ஊருல குழந்தையக்கூட அப்படித்தானுங்க கூப்பிடுவோம்."

லினக்ஸை ஏற்றினேன். ஜெர்மன் கீபோர்டைச் சேர்த்தேன். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: ஜெர்மன் கீபோர்டில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். மேலே இரட்டைப் புள்ளி வைத்த எழுத்துகளுக்குத் தனித்தனி கீ உண்டு. அடைப்புக்குறி, கோடு எல்லாம் வேறு எங்கோ போய் உட்கார்ந்திருக்கும். அவள் வெள்ளைத் தாளில் ஜெர்மன் எழுத்துகளை எழுதிக் கத்தரித்து, கீகளின் மேல் ஒவ்வொன்றாக ஒட்டினாள். ஊசி போடுகிற கை என்பதால் ஒன்றுகூட கோணலாகப் போகவில்லை.

கடவுச்சொல் என்ன வைக்கலாம் என்று கேட்டாள். அங்கேதான் நான் ஸ்மார்ட்டாக நடந்துகொண்டேன். "உங்களுக்குப் பிடிச்ச ஜெர்மன் வார்த்தை ஒண்ணு வையுங்க. இந்த எஸ்டேட்டுல ஒருத்தரும் கண்டுபிடிக்க முடியாது." அவள் சிரித்துக்கொண்டே எதையோ வைத்தாள். மூடியை மூடினேன், திறந்தேன், கடவுச்சொல் கேட்டது, அவள் அடித்தாள், உள்ளே போனது. ஆக, சோதித்தாயிற்று.

வெளியே மூணாறு போகிற ஜீப் ஹாரன் அடித்தது. எஸ்டேட் ஜீப்புக்கு நேரம் கிடையாது. ஆள் நிறைந்தால் கிளம்பிவிடும், அடுத்தது எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. ஒருமுறை முழுசாக அணைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு நொடி தோன்றியது. மெஷின் பழசு, முழுசாக எழுந்து வர மூன்று நிமிஷம் ஆகும். அதுவும் இது கணக்கில் வராத பதினோராவது மெஷின், சும்மா உதவிக்குச் செய்தது. ரீஸ்டார்ட் பண்ணாமல் ஜீப் ஏறிவிட்டேன்.

அடுத்த ஒரு மாதத்தில் ரோஸ்லின் நாலைந்து தடவை ஃபோன் செய்தாள். அந்த எழுத்து எங்கே, இந்தக் குறி எங்கே என்று. நானும் ஒவ்வொரு தடவையும், "ஸ்டிக்கரப் பாத்து மெதுவா அடிங்க ரோஸ்லின், அவசரப்பட்டா அப்படித்தான்" என்று பாடம் எடுத்தேன். மூணு வருஷ அனுபவம் பாருங்கள், கொழுப்பு.

பிறகு ஒருநாள் மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கு ஃபோன். டிபன் பாக்ஸைத் திறந்து முதல் வாய் எடுத்துவைத்திருந்தேன்.

"அக்கா, உள்ள விட மாட்டேங்கு. ரெண்டு மணிக்குப் பரீச்சக்கா."

விஷயம் இதுதான். ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரி ஆட்களை எடுப்பதற்காக ஆன்லைனில் எழுத்துத் தேர்வு வைக்கிறது. ஒரு நோயாளியைப் பற்றி அடுத்த ஷிப்ட் நர்சுக்கு ஜெர்மனில் குறிப்பு எழுத வேண்டும், ஐம்பது நிமிஷத்தில். தேர்வு நடத்துகிறவர்கள் ஒரு வாரம் முன்பே அவள் லேப்டாப்பைச் சோதித்து, ஒரு சாவியை அதற்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அந்த மெஷினில் மட்டும்தான் தேர்வு திறக்கும். வேறு எதில் திறந்தாலும் ரத்து. மறுபடி எப்போது வைப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவள் அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை அந்த வருஷத்தோடு முடிகிறது. வேலை முடிந்தால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். இதையெல்லாம் அவள் ஒரே மூச்சில் சொன்னாள், சொல்லிக்கொண்டே கடவுச்சொல்லை அடித்துக்கொண்டிருந்தாள். கீ சத்தம் எனக்குக் கேட்டது. தப்பு, மறுபடி அடி. தப்பு, மறுபடி அடி.

நான் செய்த முதல் காரியம் கேவலமானது. அவள்மேல் பழியைப் போட்டேன். "கேப்ஸ் லாக் பாத்தீங்களா? பதட்டத்துல தப்பா அடிக்கிறீங்க. மெதுவா அடிங்க. ஒவ்வொரு எழுத்தா அடிங்க." இப்படியே பத்து நிமிஷம் போனது. ஒவ்வொரு தடவை தப்பாகும்போதும் மெஷின் அடுத்த முயற்சிக்கு இன்னும் கொஞ்சம் காக்கவைத்தது. அவள் குரல் சன்னமாகிக்கொண்டே வந்தது.

பக்கத்தில் நிஷாத் அண்ணன். "சுகு, ஸ்பீக்கர்ல போடு. பாஸ்வேர்டு என்னன்னு கேளு."

"கேக்க மாட்டேண்ணா."

"ஏன், அவ பாஸ்வேர்ட வெச்சு நீ என்ன திருடவா போற?"

"எனக்கு எதுக்குங்கண்ணா அது? தெரிஞ்சு என்ன பண்ணப்போறேன்?"

"சரி, அப்ப பெண்டிரைவ் இருக்கான்னு கேளு. ஃபார்மேட் அடிச்சு ஏத்தச் சொல்லு, அரை மணிக்கூறு மதி."

"அண்ணா, மிக்சர்."

அவர் ஃபார்மேட்டை விட்டுவிட்டார். பிறகு மெதுவாக, "அப்ப ரெக்கவரி வழியா போயி பாஸ்வேர்ட மாத்து. அது ஒண்ணும் அழிக்காதல்லோ" என்றார். இது நியாயமான யோசனை. ஒத்துக்கொள்கிறேன், நல்ல டெக்னீஷியன் அப்படித்தான் யோசிப்பார். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. ரோஸ்லினை வீடியோ காலுக்கு வரச் சொன்னேன். அவள் கோயில் ஹாலில் இருந்தாள், கேமராவை ஸ்கிரீனைப் பார்த்துப் பிடிக்க உபதேசியார் நின்றார். மெஷினை அணைத்து, ஆரம்பிக்கும்போது எந்தக் கீயை அழுத்த வேண்டும் என்று சொன்னேன். கறுப்பு மெனு வந்தது. இன்னும் மூன்று கட்டளை அடித்தால் புதுக் கடவுச்சொல்.

"என்ட்டர் அடிச்சிரட்டாக்கா?"

அடி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அங்கேயே நிறுத்தினேன். தேர்வுக்காரர்கள் வைத்த அந்தச் சாவி எங்கே இருக்கிறது? பழைய கடவுச்சொல்லால் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறதா? கடவுச்சொல்லை வெளியில் இருந்து மாற்றினால் அந்தப் பெட்டி திறக்குமா, திறக்காதா? எனக்குத் தெரியாது. பாதிதான் தெரியும் என்றாலும் தெரியாது என்றுதான் அர்த்தம். திரும்பி வர வழியில்லாத இடத்துக்குள் பாதி தெரிந்த பாதையில், அதுவும் அடுத்தவர் காலை வைத்து, போகக் கூடாது. நம் சொந்த மெஷின் என்றால் குதிக்கலாம்.

"வேண்டாம். முதல் வரியத் தேர்ந்தெடுத்து வெளிய வாங்க. வந்துட்டீங்களா? இப்ப கீபோர்டுல இருந்து கையை எடுங்க. ரெண்டு கையும்."

"எடுத்துட்டேன்."

மணி ஒன்று ஐந்து.

நீங்கள் மூன்று பேரும் இந்த இடத்தைக் கவனியுங்கள், இதற்காகத்தான் இவ்வளவு நீளம் அடிக்கிறேன். அதுவரை நான் அவளிடம், "என்ன பண்ணீங்க?" என்று மூன்று தடவை கேட்டிருந்தேன். மூன்று தடவையும் அவள், "ஒண்ணும் பண்ணலக்கா" என்றாள். அந்தக் கேள்வி அப்படித்தான். என்ன பண்ணீங்க என்றால் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற மாதிரி இருக்கும். யாராக இருந்தாலும் ஒண்ணும் பண்ணல என்றுதான் சொல்வார்கள். பொய்யும் இல்லை, அவர்களுக்கு நிஜமாகவே ஒன்றும் செய்த மாதிரி தோன்றாது.

வேறு மாதிரி கேட்டேன். "கடைசியா எப்பங்க உள்ள போனீங்க?"

"முந்தாநாளு சாயங்காலம்."

"அதுக்கப்புறம் வீட்டுல என்னல்லாம் நடந்துச்சு? மெஷின விடுங்க. வீட்டுல."

"வீட்டுல என்னக்கா நடக்கும். மழ. கம்பி மேல மரம் விழுந்து கரண்டு போயிட்டு. நேத்து பூரா இல்ல, இன்னைக்கும் இல்ல. அதான் கோயில் ஹாலுக்கு வந்தேன், இங்க ஜெனரேட்டர் ஓடுது."

"லேப்டாப்பு?"

"அதுவும் சார்ஜ் தீந்து செத்துப்போச்சு. இங்க வந்துதான் உயிரு வந்திச்சு."

"இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் அது செத்துருக்குதுங்களா? இல்ல, நீங்களே ஆஃப் பண்ணிருக்கீங்களா?"

"ஆஃப் எதுக்குக்கா பண்ணணும்? மூடி வெச்சா போதும்லா. எப்ப கரண்டு போகும் எப்ப வரும்னு தெரியாது, நீங்க லினக்ஸ் ஏத்துறதுக்கு முன்ன ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணா எந்திரிக்க அஞ்சு நிமிசம் ஆவும், அதுலேருந்தே மூடி வைக்கதுதான்."

டிபன் பாக்ஸை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

ஒரு மாதமாக அந்த மெஷின் ஒருமுறைகூட அணையவில்லை. மூடுவாள், திறப்பாள். மூடித் திறக்கும்போது கேட்கிற கடவுச்சொல் வீட்டுக்குள் இருக்கிற அறைக் கதவு மாதிரி. அங்கே ஜெர்மன் கீபோர்டு வேலை செய்யும், ஏனென்றால் அதை நான் வீட்டுக்குள்தான் வைத்தேன். முழுசாக அணைந்து எழுந்தால் கேட்பது தெருக் கதவு. அங்கே இருப்பது இங்கிலீஷ் கீபோர்டு மட்டும்தான். அங்கேயும் ஜெர்மனைச் சேர்க்க வேண்டும். நான் சேர்க்கவில்லை. அன்று மூடித் திறந்து "சோதித்தேன்" என்று சொன்னேனே, அறைக் கதவை ஆட்டிப் பார்த்துவிட்டுத் தெருக் கதவு சரி என்று ஜீப் ஏறியிருக்கிறேன். ஒரே ஒரு ரீஸ்டார்ட் செய்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

"ரோஸ்லின், கடவுச்சொல் பெட்டிக்குப் பக்கத்துல கண்ணு மாதிரி ஒரு படம் இருக்குதுங்களா? அத அமுக்கினா நீங்க அடிக்கறது தெரியும். ஃபோனத் திருப்பிக்கங்க, எனக்குக் காட்ட வேண்டாம். அடிச்சுப் பாத்துட்டு, நீங்க நெனச்சதுதான் வருதான்னு மட்டும் சொல்லுங்க."

கீ சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

"அய்யே, அக்கா! ரெட்டப் புள்ளிக்குப் பதிலா என்னமோ பெட்டி மாதிரி குறி வருது. இசட்டும் மாறி வருது."

"ஏளா ரோஸ்லினு," இது உபதேசியார், "அப்ப ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரேன்."

"சும்மா இருங்க உபதேசியாரே, அத ஆஃப் பண்ணதுலதான் இவ்வளவும்!"

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தத் தெருக் கதவில் மொழியை மாற்றுகிற பொத்தானே இல்லை. ஒரே ஒரு கீபோர்டு இருந்தால் மாற்றுகிற பொத்தானைக் காட்டாது. அந்த ஒன்றை வைத்ததும் நான்தான். இரட்டைப் புள்ளி எழுத்து இங்கிலீஷ் கீபோர்டில் எங்கேயும் கிடையாது. மணி ஒன்று இருபது. நிஷாத் அண்ணன் மறுபடியும் ரெக்கவரி என்று உதட்டை அசைத்தார். நான் தலையை ஆட்டினேன்.

அவளிடம் இருக்கிறதை வைத்து யோசி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்கு லினக்ஸ் தெரியாது, கமாண்ட் தெரியாது. ஆனால் டச் ஃபோனில் தினமும் வகுப்புத் தோழிகளோடு ஜெர்மனில் சாட் பண்ணுகிறாள்.

"ரோஸ்லின், ஃபோன்ல அந்த ரெட்டப் புள்ளி எழுத்து எப்படிங்க அடிப்பீங்க?"

"யுவ அமுக்கிப் பிடிச்சா மேல வரிசையா வரும்லா, அதுல எடுப்பேன்."

"ஸ்கிரீன் மேல ஓரத்துல கைய விரிச்ச மாதிரி ஒரு ஆளு படம் இருக்குதுங்களா? அத அமுக்கி, திரை கீபோர்டுன்னு அர்த்தம் வர வரியத் தட்டுங்க. ஃபோன்ல வர்ற மாதிரியே ஒரு கீபோர்டு ஸ்கிரீன்லயே வரும். மவுஸ வெச்சு அமுக்குங்க."

"வந்துட்டு. ஏ, வந்துட்டு!"

இன்னொரு சிக்கல் இருந்தது. ஒரு மாதமாக அடித்து அடித்து அந்தக் கடவுச்சொல் அவள் விரலில் இருந்தது, வாயில் இல்லை. விரல் போகிற இடம் தெரியும், எழுத்தாகச் சொல் என்றால் தடுமாறினாள். "ஒரு பேப்பர்ல எழுதுங்க. கீபோர்டப் பாக்காதீங்க, வகுப்புல எழுதற மாதிரி எழுதுங்க. எனக்குக் காட்டாதீங்க" என்றேன். எழுதினாள். திரையில் ஒவ்வொன்றாக அமுக்கினாள். என்ட்டர்.

தப்பு.

அவள் அழ ஆரம்பித்தாள். வெடித்து அழவில்லை, மூக்கை உறிஞ்சினாள், அவ்வளவுதான். எனக்கும் பயம்தான். குரலில் காட்டவில்லை. ஃபோனில் வேலை பார்க்கும்போது நம் குரல்தான் அந்தப் பக்கம் இருக்கிறவரின் கைநடுக்கத்தை நிறுத்தும். எனவே தைரியம் இல்லாவிட்டாலும் குரலுக்கு மட்டும் வாடகைக்காவது எடுத்துக்கொள்ளுங்கள்.

"எல்லா எழுத்தையும் ஸ்கிரீன்லயேதான் அமுக்குனீங்களா?"

"ஆமாக்கா. கடேசில ஒரு சின்னக் கோடு வரும், அது மட்டும் திரையில தேடிக் கிடைக்கல, கீபோர்டுல அடிச்சேன்."

"அதானுங்க! அந்தக் கோடும் இடம் மாறிருக்குது. திரையில ஓரத்துல எண்களுக்குன்னு ஒரு கீ இருக்கும், அத அமுக்குனா கோடு வரும். கீபோர்டத் தொடவே தொடாதீங்க. உபதேசியாரே, அந்தத் துண்ட எடுத்துக் கீபோர்டு மேல போட்டு மூடுங்க."

அவர் மூடினார். நிஜமாகவே, பீடத் துணி விரிக்கிற மாதிரி நான்கு மூலையையும் இழுத்துவிட்டு மூடினார். ரோஸ்லின் அமுக்கினாள். நாங்கள் இருவரும் இங்கே சித்தூரில் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பஸ் ஸ்டாண்டில் பாலக்காடு வண்டிக்கு ஆள் கூப்பிடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"தொறந்துட்டு," என்றாள். அப்புறம் கத்தினாள், "அக்கா தொறந்துட்டு!"

மணி ஒன்று முப்பத்தெட்டு.

நிஷாத் அண்ணன் உடனே, "இப்பவே தெருக் கதவுலயும் ஜெர்மன ஏத்திரு, ரெண்டு நிமிசம் மதி" என்றார். வேண்டாம் என்றேன். ஓடுகிற மெஷினை, இருபது நிமிஷத்தில் தேர்வு இருக்கும்போது, ஒரு புள்ளிகூடத் தொடக் கூடாது. சார்ஜரைச் செருகு, மூடாதே, அணைக்காதே, தேர்வுப் பக்கத்தைத் திற, இவ்வளவுதான் அவளிடம் சொன்னேன். சரிசெய்வது நாளைக்கு.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள், "சாரிக்கா. நான்தான் சார்ஜ் தீர விட்டுட்டேன். உங்க சாப்பாட்டையும் கெடுத்துட்டேன். என் தப்புதான்."

நிஷாத் அண்ணன் ஃபோனைக் கையால் பொத்தினார். "ஒண்ணும் சொல்லாத சுகு. பரீச்சை முடியட்டும், பொறவு சொல்லிக்கலாம். இல்லன்னா சொல்லவே வேண்டாம், நடந்தது நடந்துபோச்சு."

இதில் யோசிக்க எனக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. தான் எதையோ உடைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு அதே கீபோர்டில் உட்காரப்போகிறாள். ஒவ்வொரு எழுத்துக்கும் பயந்து பயந்து அடிப்பாள். ஐம்பது நிமிஷத் தேர்வில் அந்தப் பயம் பத்து நிமிஷத்தைத் தின்றுவிடும்.

அவர் கையை எடுத்துவிட்டு, "இல்லீங்க ரோஸ்லின். தப்பு என்னுது" என்றேன். "அன்னைக்கு நான் ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்திருக்கணும். ஜீப்பு போயிரும்னு பண்ணாம வந்துட்டேன். நீங்க ஒரு தப்பும் பண்ணல. உங்க கையும் சரியா இருக்குது, கீபோர்டும் சரியா இருக்குது."

அவள் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"அப்ப, ஸ்டிக்கரப் பாத்து மெதுவா அடி, அவசரப்படாதன்னு ஒரு மாசமா என்னைய ஏசினதெல்லாம்?"

"அது..."

"நீங்க ஜீப்புக்கு ஓடுன வேகத்துக்கு இதச் சொல்லலாமாக்கா?"

உபதேசியார் சிரிப்பது கேட்டது. நிஷாத் அண்ணன் சிரித்தார். அவள் சிரித்தாள். மூக்கடைப்பு இல்லாத, நல்ல சத்தமான சிரிப்பு. "சரிக்கா, வெக்கேன். பேப்பர் தொறக்கப் போவுது" என்று வைத்துவிட்டாள்.

அன்றைக்கு அந்தச் சாப்பாட்டை நான்கு மணிக்குச் சாப்பிட்டேன். ஆறிப்போயிருந்தது. மறுநாள் ஃபோனிலேயே தெருக் கதவையும் சரிசெய்தேன். ஜெர்மனும் இங்கிலீஷும் இரண்டும் வைத்து, மாற்றுகிற பொத்தானும் தெரிகிற மாதிரி. பிறகு அவளையே மெஷினை முழுசாக அணைத்து, பத்து எண்ணி, மறுபடி ஆன் பண்ணி, முதல் கதவிலிருந்து உள்ளே வரச் சொன்னேன். அவள் வந்து சேரும்வரை நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அன்றிலிருந்து இந்தக் கடையில் இதுதான் சட்டம், நிஷாத் அண்ணனுக்கும் சேர்த்து. முடித்தோம் என்று தோன்றியதும் மெஷினை முழுசாக அணைக்க வேண்டும். அதை யார் பயன்படுத்தப்போகிறார்களோ அவர்கள் கையில் கொடுத்து ஆன் பண்ணச் சொல்ல வேண்டும். நாம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த மூன்று நிமிஷம் ரொம்ப நீளமாக இருக்கும். வெளியே ஏதாவது ஹாரன் அடிக்கும். போகட்டும். சும்மா உதவிக்குச் செய்த மெஷினுக்கும் இதுதான். சொல்லப்போனால் அதற்குத்தான் முதலில் இது வேண்டும், ஏனென்றால் அதைத்தான் நாம் அரைகுறையாகச் செய்வோம்.

ரோஸ்லின் எழுத்துத் தேர்வில் தேறினாள். அதன்பிறகு வீடியோவில் இரண்டு நேர்காணல், அப்புறம் விசாவுக்கு மாதக்கணக்கில் காத்திருப்பு. அவள் அம்மா இப்போது திருப்பூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறார்.

இதை அடித்துக்கொண்டிருக்கும்போது அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. ஜெர்மனிக்குக் கிளம்பி, கொச்சி விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டரில் நிற்கிறாள், பெட்டி இரண்டு கிலோ அதிகமாம், தரையில் திறந்துவைத்து எதை எடுப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.